எஸ்தர் அக்காவும் வளையல்காரி மரகதமும்

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினால் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். போன வாரம் அவர் என் வாசலில் நிறுத்தினார். வெளியூரில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக மனதில் ஓடி, கடைசியில் என் மகனிடம் வந்து நின்றது. கையெழுத்துப் போடவே வரவில்லை. பிரித்துப் பார்த்தால், தேனியில் எஸ்தர் அக்கா இறந்துவிட்டார். செய்தி மகனைப் பற்றியது இல்லை என்று மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததை நினைத்து உடனே அழுகையும் வந்தது.

அவருடைய மாத நாவல்களைப் படித்தவர்களும், அவர் கையால் வளையல் போட்டுக்கொண்டவர்களும் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேனி கடைவீதியில் அவர் குடும்பத்துப் பேன்சி ஸ்டோர் இருந்தது. அதற்கு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எனக்கு வேலை. அக்கா எழுதியதையெல்லாம் தட்டச்சு செய்தவள் நான். அதனால் கொலைகாரன் யார் என்பது மதுரைப் பதிப்பாளருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

அவருடைய துப்பறியும் நாயகி மரகதம் போலீஸ் இல்லை, வக்கீலும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும் வளையல்காரி. எந்த அந்நிய ஆணும் நுழைய முடியாத அடுப்படி வரைக்கும் அவள் போவாள். சோப்பு நீர் தடவி, கையை அமுக்கி வளையல் ஏற்றும்போதே அந்த வீட்டின் கதை அவளுக்குத் தெரிந்துவிடும். "கையப் பிடிச்சுப் பாரு புள்ள, வாய் சொல்லாததை எல்லாம் அது சொல்லிரும்" என்பார் அக்கா. ஜனங்கள் மரகதத்தை நிஜம் என்றே நம்பினார்கள். ஆண்டிபட்டியிலிருந்து ஒருவர் வந்து, "மரகதத்தம்மா எங்கன இருக்காக? எம் பசுவைக் காணோம், கொஞ்சம் பாத்துச் சொல்லணும்" என்று கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, திரியும் மாடுகளை அடைத்து வைக்கும் பவுண்டில் போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு நாவலோடு நின்றது.

கடைக்குச் சின்ன வயதுப் பெண்ணொருத்தி வருவாள். செல்வி என்று வைத்துக்கொள்வோம். பெரியகுளத்திலிருந்து தேனியில் ஒரு பருத்தி மண்டிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அடிக்கடி வந்து வளையல் வாங்குவாள். கல்யாணமானவள் வெறுங்கையோடு இருக்கக் கூடாது என்பார்கள். அதனால் எந்த வீட்டில் வளையல் உடைந்தாலும் அது முதலில் வளையல் கடைக்குத்தான் தெரியும். அவள் கேட்பதும் எப்போதும் ஒரே வளையல்தான்: கரும்பச்சை, பொன் புள்ளி போட்டது. மிச்சம் இருக்கும் வளையல்களோடு கலந்துவிட்டால் புதிது என்று யாருக்கும் தெரியாது. மணிக்கட்டின் உட்பக்கம் கண்ணாடி கீறிய கோடுகள் வரிசையாக இருக்கும். இறுக்கிப் பிடித்தால்தான் அப்படிக் கீறும். அக்கா கேட்டால், "தண்ணி இறைக்கையில கயிறு அறுத்துருச்சுக்கா" என்பாள். அவர்கள் வீட்டில் குழாய் இருந்தது.

அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. தாங்க முடியாததை அவர் எழுதிவிடுவார். நாவலில் மருமகள் செத்துப்போகிறாள். அவள் மணிக்கட்டைப் பார்த்து மரகதம் கணவனைப் பிடித்துக் கொடுக்கிறாள். தேனியைப் போடி ஆக்கினார், பருத்தியை ஏலக்காய் ஆக்கினார், ஆள் பெயரெல்லாம் மாற்றினார். தட்டச்சுப் பிரதி மதுரைக்குப் போனது. அடுத்த முறை செல்வி வந்து கையை நீட்டியபோதுதான், வளையலின் நிறத்தை மாற்றவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார். "அந்தப் பிள்ளை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா சொன்னான்னுதேன் அந்த வீடு நெனைக்கும். நான் எழுதுனதுக்கு அவ அடி வாங்குவா, புள்ள" என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கிடைத்த பஸ்ஸில் இருவரும் மதுரைக்கு ஓடினோம். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் திணறித் திணறி ஏறியபோது அக்கா கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டே இருந்தார். பதிப்பாளர் நல்ல மனிதர்தான். "அச்சடிச்சுக் கட்டெல்லாம் கடைகளுக்குப் போயிருச்சேம்மா! பச்சை வளையலுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று சிரித்தார். திரும்பி வரும்வரை அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தேனி பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடையில் நாவல் கயிற்றில் தொங்கியது. இருந்த பிரதிகளை எல்லாம் அக்கா வாங்கிவிட்டார். கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். மறுநாள் பார்த்தால் அதைவிடப் பெரிய கட்டு வந்து இறங்கியிருக்கிறது! "ஒங்க பொஸ்தகம் பறக்குதுக்கா, அதேன் கூடுதலாச் சொல்லி விட்டேன்" என்றார் அவர். நான் சிரித்துத் தொலைத்தேன். அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு செல்வி வரவில்லை. மண்டித் தெருப் பக்கமிருந்து யார் வந்தாலும் அக்கா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார். வளையல் போடும்போது உடைத்தே அறியாதவர் அந்த நாட்களில் உடைத்தார். பொறுக்க முடியாமல் வளையல் பெட்டியோடு அந்த வீட்டுக்கே போனார். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் நடமாட்டம் மட்டும் கேட்டது. "உசுரோட இருக்காளான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், இனிமே எழுதவே மாட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

ஒரு மத்தியான வேளையில் செல்வியின் மாமியார் கடைக்குள் வந்தார். கையில் அந்த நாவல். நான் கீழே இருந்தேன்.

அவர் உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஏத்தா எஸ்தரு, ஒங்க அம்மா சாகுமுன்ன ஒங்கிட்டச் சொன்னாகளா?" என்று கேட்டார்.

அக்காவுக்கு விளங்கவில்லை. "எதை பெரியம்மா?"

அவர் தம் கையைத் திருப்பி நீட்டினார். சுருக்கம் விழுந்த மணிக்கட்டின் உட்பக்கம் வெளுத்துப்போன கோடுகள் வரிசையாக இருந்தன. "இந்தக் கடையிலதேன் நானும் வாங்குவேன். ஒங்க அம்மாதேன் போட்டுவிடுவாக. எனக்கும் பச்சைதேன். ஒண்ணும் கேக்க மாட்டாக, ஒண்ணு கூடுதலாப் போட்டு விடுவாக. எங்கதைய அவுக சொல்லி நீ எழுதிட்டேன்னு நெனைச்சேன்."

"அம்மா சொல்லல பெரியம்மா" என்றார் அக்கா. "செல்வியும் சொல்லல."

"அவ சொல்ல மாட்டா. சொல்ல விடுற வீடா அது?" என்று அந்த அம்மாள் அழுதார். "எங்க வீட்டுக்காரவுக பிடிச்ச பிடிதேன் எம் மகன் பிடிக்கிறதும். அங்கன சத்தம் கேட்டா நான் அடுப்பை ஊதிக்கிட்டு இருப்பேன். கதை கடைசியில அந்தப் பிள்ளையக் கொன்னுட்டியேத்தா. நெசத்துலயும் அப்படித்தேன் ஆகுமா?"

அக்கா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியல பெரியம்மா. எனக்கும் அதேன் பயமா இருக்கு."

"அவன் சரக்கு எடுக்கப் போயிருக்கான். இப்பவே பெரியகுளத்துல அவ அப்பன் வீட்டுல விட்டுட்டு வந்துரணும். நீயும் வா. ஒத்தையாப் போனா என் காலு பாதியில திரும்பிரும்."

நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து செல்வியை அழைத்துக்கொண்டு மூன்று பெண்களும் பஸ் ஏறினார்கள். அக்கா திரும்பி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தார். மரகதம் எந்த நாவலிலும் அப்படிப் பயந்ததில்லை. ஊர் திரும்பிய செல்வியின் கணவர் கடை வாசலில் வந்து கத்தினார், கண்ணாடிப் பெட்டியை உடைத்தார். செல்வி திரும்பி வரவில்லை. நர்சரியில் மாங்கன்று ஒட்டுக் கட்டும் வேலைக்குப் போனாள். மாமியார் அந்த வீட்டிலேயேதான் இருந்தார். அவருக்கு என்ன நடந்தது என்று அக்கா கடைசிவரை கவலைப்பட்டார். முழுதாகத் தெரியவில்லை.

இனி எழுதமாட்டேன் என்றவர் எழுதத்தான் செய்தார். ஆனால் பிரதியை என்னிடம் தரும்போதெல்லாம் ஒன்றைச் சொல்வார்: "எழுத்துப் பிழையை அப்புறம் பாரு. இதைப் படிச்சா எந்த வீட்டுல யாருக்கு அடி விழும்னு மொதல்ல பாரு."

இந்த அஞ்சலியை எழுதி முடித்ததும் என்னால் தபாலில் போட முடியவில்லை. பஸ் ஏறிப் பெரியகுளம் போய், செல்வி என்று நான் பெயர் வைத்தவளிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். அக்கா இறந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரே ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். எஸ்தர் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பயம்தான்.