கடற்பால அரங்கில் விழுந்த அடி

அவருடைய கை என் கன்னத்தில் விழுந்ததும் அரங்கு முழுக்கக் கைதட்டியது. குடிகாரக் கணவன் மனைவியை அடிக்கும் காட்சி அது. கணவனாக நடித்தவரே நாடகத்தின் இயக்குநர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஒத்திகைகளில் ஓங்கிய கையைக் காற்றிலேயே நிறுத்திவிடுவார். சபைக்கு முன்னால் நிறுத்தவில்லை. காதுக்குள் இரைந்தது. என் கண்ணீரைப் பார்த்து முன்வரிசை இன்னும் பலமாகத் தட்டியது.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்த மரப்பாலத்தை டேனிஷ்காரர் கோடைகால உல்லாசத்துக்கென்று கட்டினார்கள். முனையில் ஆட்டமும் பாட்டும் வாத்தியக்குழுவுமாகப் பெரிய அரங்கு. கரைப்பக்கம் பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் காட்டிய சின்ன அரங்கு. சனம் விடுமுறைக்கு வெயில் தேடித் தெற்கு நாடுகளுக்குப் பறக்கத் தொடங்கியதும் பெரியதைப் பூட்டினார்கள். பிறகு ஒரு புயல் அதைக் கொண்டுபோனது. சின்னதைக் குளிர்காலத்தில் சங்கங்களுக்குக் கொடுத்தார்கள். பிராண்டே, ஸ்கீவ போன்ற ஊர்களிலிருந்து தமிழர்கள் கார்களில் வந்து நிறைந்தார்கள். அங்கே அண்ணைதான் ராசா.

"ஏன் அண்ணை உண்மையா அடிச்சனீங்கள்?" என்று திரைக்குப் பின்னால் கேட்டேன்.

ஒட்டு மீசையைப் பிய்த்தபடி சொன்னார்: "அடி விழுந்தாத்தான் உனக்கு அழுகை வருது பிள்ளை. சனம் தட்டினதைக் கேட்டனியெல்லே?"

கூட நடித்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த மேடையேற்றத்திலும் அடித்தார். அதற்கடுத்ததில் அவர் கை ஓங்கியபோது நான் மேடையை விட்டு இறங்கினேன். சேலையோடு, செருப்பில்லாமல், சபையின் நடுவே நடந்து வெளியே கடற்காற்றுக்குள் போனேன். அதற்கும் தட்டினார்கள். அதுவும் நாடகம் என்று நினைத்திருப்பார்கள். திமிர் பிடித்தவள், நாடகத்தைக் குழப்பிவிட்டாள் என்று அவர் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். அதன்பிறகு ஒருவரும் என்னை நடிக்கக் கூப்பிடவில்லை. அவருடைய செத்தவீட்டுக்கு நான் போகவில்லை.

இந்த வசந்தத்தில் பாலத்தைப் புதுப்பித்து, அதன் வரலாற்றைச் சின்ன அரங்கில் கண்காட்சியாக வைத்தார்கள். தமிழ் நாடகங்களுக்கும் ஒரு சுவர். சுவர் நிறைய அவர் படம். அவருடைய மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, அப்பாவைப் பற்றி நீங்களும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கோ."

என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன் பேசிய இருவரும் அவரை மேதை என்றார்கள். என் முறை வந்தது.

"அவர் நடிக்கேல்லை. என்னை உண்மையாத்தான் அடிச்சவர். நான் இண்டைக்கும் அவரை மன்னிக்கேல்லை."

அவருடைய மகன் எழுந்துவிட்டான். "செத்த மனிசனைப் பற்றி இப்பிடிக் கதைக்கலாமோ அக்கா?"

"உயிரோட இருக்கேக்க கதைக்க விட்டவரோ?" என்று கேட்டுவிட்டு ஒலிவாங்கியை வைத்தேன். ஒருவரும் தட்டவில்லை.

காருக்கு நடக்கும்போது மகள் டேனிஷில் கேட்டாள்: பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், கூட நடித்தவர்களுக்குமா தெரியாது?

"அவையளுக்குத் தெரியும்," என்றேன். "அவையளில ரெண்டு பேர்தான் இண்டைக்கு எனக்கு முன்னம் பேசினவை."