குப்பை ரோண்டா

எங்கள் மாவட்டத்தின் போதைத் தடுப்புக் குழு என்பது, பெயர் என்னவோ பெரிது, ஆள் மூன்று பேர்தான். தலைவர் சார்ஜன்ட் டெல்பர்ட் காடில். அவருக்குக் கீழே ரோண்டா நேப்பியர். மூன்றாமவர் பக்கத்து ஊர் போலீஸிலிருந்து இரவல் வாங்கப்பட்டவர். பாதி நாள் தன் ஊருக்கே போய்விடுவார் என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது ரோண்டாவைப் பற்றி. கென்டக்கி மலைப்பக்கத்தில் மாறுவேடம் போட்டு ஆளைப் பிடிப்பதெல்லாம் நடக்காத காரியம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பாதிப் பேர் உறவுக்காரர்கள் வேறு. ரோண்டா ஒருமுறை தலைக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, யாருடைய பழைய வண்டியையோ ஓட்டிக்கொண்டு போனாள். பெட்ரோல் பங்க்கில் நின்றவன் எட்டிப் பார்த்து, "ரோண்டாக்கா, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இல்ல" என்றானாம். அவள் பிடிக்கப் போனதே அவனைத்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் குப்பைக்கு வந்தாள். ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் நீதிபதியின் கையெழுத்து வேண்டும். ஆனால் வீட்டுக்காரரே கொண்டுவந்து சாலையோரம் வைத்துவிட்ட குப்பை யாருக்கும் சொந்தமில்லை. அதைக் கிளறுவதற்கு எவன் அனுமதியும் தேவையில்லை. குப்பை லாரி ஓட்டுகிறவன் நான். எந்த வீடு என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். லாரியின் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு போய், அந்த வீட்டுப் பைகளை மட்டும் எடுத்து, வளைவு தாண்டியதும் அவளிடம் கொடுப்பேன். பனிக்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பைக் கொட்டி வைக்கும் கொட்டகையில், தரையில் தார்ப்பாய் விரித்துப் பிரிப்பாள்.

ஊரில் அவளுக்குக் குப்பை ரோண்டா என்று பெயர். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. நாற்றத்தைப் பற்றி ஒரு முணுமுணுப்புக்கூட அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒரு முட்டை ஓட்டை எடுத்தால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். யார் குடியை நிறுத்தினார்கள், எந்த வீட்டில் புருஷன் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான், எல்லாம் அவளுக்குத் தெரியும். அதையெல்லாம் அவள் வெளியில் சொன்னதில்லை. நான் எத்தனையோ தடவை வாயைக் கிண்டிப் பார்த்திருக்கிறேன், பலித்ததில்லை.

அந்த வசந்தத்தில் வந்தது கெய்லீன் ஃபியூகேட்டின் குப்பை.

கெய்லீனை இரண்டு வருடத்துக்கு முன் கைது செய்தவளே ரோண்டாதான். மெத் என்கிற அந்தப் பாழாய்ப்போன பொடி. அவளுடைய இரண்டு குழந்தைகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய் வேறு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு அவள் சிகிச்சைக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு அதை விட்டொழித்தாள். அடுத்த வாரம் கோர்ட்டில் விசாரணை. எல்லாம் சரியாக இருந்தால் குழந்தைகள் வீடு திரும்பும். ஒரு துளி பொடி அகப்பட்டாலும் ஜென்மத்துக்கும் திரும்பாது. இந்த நேரத்தில்தான் அவள் வீட்டில் மறுபடியும் நடமாட்டம் இருக்கிறது என்று யாரோ போன் செய்து சொல்லியிருந்தார்கள்.

பையைக் கொடுத்துவிட்டு நான் போயிருக்கலாம். என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் நின்றுவிட்டேன். டெல்பர்ட்டும் வந்திருந்தார். கெய்லீனின் பெரிய பைக்குள் ஒரு சின்ன மளிகைப் பை இருந்தது. அதற்குள் கருகிய அலுமினியத் தாள், துண்டாக வெட்டிய உறிஞ்சுகுழல்கள். ரோண்டா சோதனைத் திரவத்தை ஊற்றினாள், நீலமாக மாறியது. நீலம் என்றால் அந்தப் பொடியேதான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ பேரு போட்ட கரண்ட் பில்லும் பெரிய பையிலதான் கெடக்கு" என்றார் டெல்பர்ட். இன்றைக்கே நீதிபதியிடம் போய்க் கையெழுத்து வாங்கச் சொன்னார்.

ரோண்டா எழுந்திருக்கவில்லை. சின்னப் பையில் இருந்ததை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினாள். பூனைத்தீனி டப்பாக்கள். பல்செட் ஒட்டும் பசையின் குழாய். கெய்லீனிடம் பூனை கிடையாது, பல்செட்டும் கிடையாது.

"பக்கத்து வீட்டுக் குப்பையா இருக்கும்" என்றேன் நான். எங்கள் பள்ளத்தாக்குகளில் அது சகஜம். லாரி மேடு ஏறாது. குப்பைக்குக் காசு கட்டாதவர்கள் கீழே இருக்கிறவர்களின் தொட்டியில் போட்டுவிடுவார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"அது தெரியும்ணே. ஆனா இந்தச் சின்னப் பையில ஒரு பேரு கூட இல்ல. விளம்பரத் தாள்ல ஒட்டின பேரக்கூட கிழிச்சு எடுத்திருக்காங்க" என்றாள் ரோண்டா. "நாம எதைத் தேடுவோம்னு தெரிஞ்ச ஆளு கட்டின பை இது. அது யாருன்னுதான் எனக்குத் தெரியணும்."

பையின் வாயைக் கட்டியிருந்ததை அப்போதுதான் கையில் எடுத்தாள். பெண்கள் போடும் பழைய நைலான் காலுறையிலிருந்து வெட்டிய நாடா, இரட்டைச் சுருக்கு. அதை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். டெல்பர்ட் அவள் கையிலிருந்து அதை வாங்கினார். முடிச்சைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க அம்மா போடுற முடிச்சு."

அவருடைய அம்மா ஓப்பல், கெய்லீன் வீட்டுக்கு மேலே அதே மேட்டில்தான் இருக்கிறார். ஒஹாயோவில் வேலை போய்த் திரும்பிவந்த இளைய மகன் கார்லிஸ் அவரோடு இருக்கிறான்.

கொட்டகையில் நாங்கள் மூன்று பேர்தான். அந்த நாடாவை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், பொய் சொல்வானேன். ரோண்டா நாடாவைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் உப்புக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எங்க அம்மா வீட்டுக்கு வாரண்ட் எழுது, ரோண்டா. முடிச்சு யாருதுன்னு நான் சத்தியம் பண்றேன்" என்றார்.

சொந்த வீட்டுச் சோதனைக்கு அவர் போகக்கூடாது. ரோண்டாதான் வேறு போலீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு காலையில் போனாள். கார்லிஸின் மெத்தைக்கு அடியிலேயே சரக்கு இருந்தது. அவனை வண்டியில் ஏற்றினார்கள். ஓப்பல் அழவில்லை, சத்தம் போடவில்லை, அடுப்பில் காபி வைத்தாராம். ரோண்டாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இதையெல்லாம் கொல்லைப்புறப் பீப்பாயில் போட்டு எரித்திருக்கலாமே என்று கேட்டாள்.

"எரிச்சா வாடை காட்டிக்குடுத்துரும்னு டெல்பர்ட் சொல்லிருக்கான்" என்றார் ஓப்பல். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுலேருந்து வந்து கோழி தின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லுவான். பேரு இருந்தா மாட்டுவாங்க, அடுத்தவங்க தொட்டியில கெடந்தா அடுத்தவங்க மாட்டுவாங்கன்னு."

"கெய்லீனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கேம்மா."

"எனக்கும் ரெண்டுதான்."

இதை ரோண்டா என்னிடம் சொன்னபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாதி அந்த அம்மாள் மீது, பாதி சாப்பாட்டு மேசையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத மகன் மீது. ரோண்டா ஒரு வார்த்தை குறைக்காமல் அதை டெல்பர்ட்டிடமும் சொல்லிவிட்டாள். "கேட்டது நானு, கெடச்ச பதிலை நானே வச்சுக்க முடியுமா?" என்றாள் என்னிடம்.

விசாரணை நாளன்று டெல்பர்ட் கோர்ட்டுக்குப் போனார், ரோண்டாவும் போனாள். கெய்லீன் மீது சந்தேகம் என்று ஒரு பேச்சு ஊரில் கசிந்திருந்தது. அவர் எழுந்து, அந்தப் பொடி என் அம்மா வீட்டிலிருந்து வந்தது, இந்தப் பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, என் அம்மா தெரிந்தேதான் அதை அவள் தொட்டியில் போட்டார் என்று நீதிபதி முன்னால் சொன்னார். இவர் குடும்பத்தை மூன்று தலைமுறையாகத் தெரிந்தவர் அந்த நீதிபதி. குழந்தைகள் கெய்லீனிடம் திரும்பலாம் என்று தீர்ப்பானது.

வெளியே தாழ்வாரத்தில் டெல்பர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் போனார். "எங்க அம்மா உன் தொட்டியில கொண்டுவந்து போட்டதுக்கு என்னை மன்னிச்சுரும்மா" என்றார்.

கெய்லீன் புருவத்தைச் சுருக்கினாள்.

"அவங்க எங்க கொண்டுவந்து போட்டாங்க, சார்ஜன்ட்? மேடு எறங்குனா முட்டி வலிக்குதுன்னு சொன்னாங்க. வாராவாரம் நான்தான் ஏறிப் போய்த் தூக்கிட்டு வந்தேன்."