அடி கருகிய கேக்கும் நல்ல வார்த்தையும்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை எங்கள் பேக்கரியின் அடுப்புக்காரர் பாஷா பாய், இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேஜைமேல் எறிந்துவிட்டு, "நான் போறேன்" என்றார். அடுப்புக்கு வெளியே முப்பத்தெட்டு கேக் டின்கள் காத்திருந்தன. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். முப்பத்தெட்டேதான்.

இது ஐம்பதுகளில், சிவாஜிநகரில். நான் அங்கே கவுண்டர் குமாஸ்தா. அப்போது வீடுகளில் கேக் சுடும் வசதி கிடையாது. சுற்றுவட்டாரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் முட்டை, வெண்ணெய், உலர்பழம் எல்லாம் வீட்டிலேயே கலந்து, டின்னில் ஊற்றி, எங்கள் விறகு அடுப்புக்குக் கொண்டுவருவார்கள். கலந்த மாவு காத்திருக்காது. நேரமானால் கேக் எழும்பாது.

பாஷா பாயைக் கிளப்பிவிட்டது ஒரு நல்ல பிரசங்கம். எங்கள் முதலாளி தேவசகாயம் ஓயாமல் திட்டுகிறவர். "கழுதை" என்பது அவருக்கு வணக்கம் மாதிரி. முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர், நம் வாயிலிருந்து வருவது கேட்பவரை நிமிர்த்த வேண்டும், ஒடிக்கக் கூடாது என்று பேசினார். முதலாளி கண் கலங்கிவிட்டார். மறுநாள் முதல் வசவே இல்லை. விறகு அடுக்கினால் "அருமை". தும்மினாலும் "அருமை". ஒரே காலையில் பதினேழு அருமை எண்ணினேன். 

துணி எறிந்த அந்தக் காலையில், முதல் ஈட்டிலேயே மூன்று கேக் அடி கருகிவிட்டது. முதலாளி பார்த்தார். வாய்வரை வந்த வசவை மென்று விழுங்கினார். "அருமை, பாய்!" என்றார்.

"என்ன ஸாப் அருமை?" பாஷா பாய் வெடித்தார். "இத்தனை வருஷம் கழுதைன்னீங்க, நிம்மதியா இருந்தேன். இப்போ தேன் ஊத்துறீங்க. பக்ரீத் ஆட்டைத்தான் இப்படித் தடவிக் கொடுப்பாங்க. புது ஆள் பாத்துட்டீங்க, சொல்லிடுங்க!"

"ஐயையோ, நான் நல்ல வார்த்தைதானே பேசறேன்!"

"கருகினதைப் பாத்து அருமைன்னா நல்ல வார்த்தையா? கேலி, ஸாப்."

அப்போதுதான் துணி பறந்தது.

கவுண்டரில் நின்ற ஆஸ்டின் டவுன் ரோசம்மா பதறினார். "அண்ணே, உங்க சண்டை அப்புறம் ஆகட்டும்! நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா வர்றாங்க. என் மாவு கெட்டா என் மானம் போச்சு!"

பாஷா பாய் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். முதலாளி வாயைத் திறந்தார். "அரு" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"பாய், கேக் கருகிடுச்சு. சூடு தணியறதுக்குள்ள டின்னை வெச்சீங்க. அது உங்க தப்பு. சீக்கிரம் சீக்கிரம்னு காலையிலேருந்து பிடுங்கினது நான். அது என் தப்பு. போன மழையில நனைஞ்ச விறகை வெச்சுக்கிட்டு ஒரு ரொட்டிகூட வேகாம போகாதபடி எடுத்துக் கொடுத்தீங்களே, அதை நான் பாத்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். வேற ஆள் யாரும் இல்லை பாய். நீங்கதான் வேணும்."

பாஷா பாய் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து அடுப்புக்குள் பார்த்தார்.

"தணலை வெளியே இழுக்கணும். பக்கத்துல நின்னு யாரும் அவசரப்படுத்தக் கூடாது."

"சரி."

"அருமையும் சொல்லக் கூடாது."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

துணி மறுபடி இடுப்புக்கு ஏறியது. சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டும் பொன்னிறமாக வெளியே வந்தன. ரோசம்மா தன் டின்னைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனார். கருகிய மூன்றுக்கும் உரியவர்களிடம் முதலாளியே "எங்க தப்பு" என்று சொல்லி, கடை கேக்கைக் கொடுத்தார். ஒரு அம்மாள் நன்றாகத் திட்டினார். முதலாளி கேட்டுக்கொண்டார்.

ஆட்களை வைத்து வேலை வாங்கப்போகும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல வார்த்தை வாயில் தொடங்குவதில்லை, கண்ணில் தொடங்குகிறது. பார்க்காமல் புகழ்ந்தால் மனிதன் பயப்படுகிறான். பார்த்துக் குறை சொன்னால்கூட நிமிர்ந்து நிற்கிறான்.

புத்தாண்டு கழிந்து ஒருநாள் முதலாளி ஒரு ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு பக்கமும் ஒரே சீராச் சிவந்திருக்கு, பாய்" என்றார்.  பாஷா பாய் அடுத்த ரொட்டியையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.