டவரில் ஏறினால் ஏதாவது தெரியுமா?

தேயிலை விலை சரிந்து ஃபேக்டரி நின்றதும், எஸ்டேட் உச்சியில் மேனேஜர் ஒரு வியூ டவர் கட்டினார். இருபது வருஷம் பறித்த இலையைப் பரப்பி வாட வைக்கும் விதரிங் மாடியில் பதம் பார்த்த என்னை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார். என்னோடு இன்னும் ஏழு பேருக்கு அங்கே வேலை. முதல் நாளே சொல்லிவிட்டார்: "இந்த வாரம் கூட்டம் வரலைன்னா திங்கக்கிழமை பூட்டிருவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே மிஸ்ட். கவுண்டரிலிருந்து டவரின் முதல் படிகூடத் தெரியவில்லை. பத்து மணிக்குக் கோயமுத்தூர் வேன் ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கிய ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும், மகனை முந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, மேல ஏறுனா ஏதாச்சும் தெரியுமுங்களா? எனக்கு முட்டி வலிங்க. நூத்தியிருபது படின்னு எழுதியிருக்குது."

எனக்குப் பின்னால் நின்ற மேனேஜர் கனைத்தார். எழுந்து போய் ஓரத்துச் செடியில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினேன். மாடியில் இலையைத் தொட்டே மிஸ்ட் எப்போது விலகும் என்று சொல்லி நல்ல பேர் வாங்கியவன் நான். ஆனால் அது மணிக்கணக்காகப் பரப்பிக் கிடந்த இலை; காற்றின் ஈரத்தைக் காட்டிக் கொடுக்கும். செடியில் கிள்ளிய இலை ஒன்றும் சொல்லாது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"அரை மணியில விலகிருமுங்க. நீங்க ஏறுறதுக்குள்ள பளிச்சுன்னு தெரியும்" என்றேன்.

என் பேச்சை நம்பி ஏறினார். ஒரு மணி நேரமாகியும் மிஸ்ட் விலகவில்லை. மேலிருந்து மகன் கத்தினார்: "அம்மாவுக்குக் காலு மடங்கலைங்க! யாராச்சும் வாங்க!"

குளிரில் வெடவெடத்த அந்த அம்மாவை கீழிருந்து கொண்டுபோன நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி, ஈரப்படிகளைக் காலால் தடவித் தடவி இறங்கினோம். எனக்கு இரண்டு தடவை வழுக்கியது. கை விட்டிருந்தால் அவர் உயிர் போயிருக்கும்.

கீழே வந்ததும், "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேன்லயே உக்காந்திருப்பேனுங்களே" என்றார். அவமானத்தில் என்னால் தலை நிமிர முடியவில்லை.

அடுத்து ஒரு பஸ் வந்து நின்றது. முழு பஸ். கைடு இறங்கி வந்து அதே கேள்வியைக் கேட்டார். மேனேஜர் என்னையே பார்த்தார். மற்ற ஏழு பேரும் பார்த்தார்கள்.

"இப்ப ஒண்ணும் தெரியாதுங்க. எப்ப விலகும்னும் எனக்குத் தெரியாது."

பஸ் திரும்பிப் போனது. திங்கட்கிழமை டவருக்குப் பூட்டு விழுந்தது. எங்களில் டீ போட்டுக்கொண்டிருந்த ராணி பல மாதம் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம்தான்.

டூரிஸ்ட் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். வேலை போகலாம், எனக்குப் போயிற்று. இன்னோர் அம்மாவை அந்தப் படிகளில் தூக்கி இறக்க என்னால் ஆகாது.