பசை தடவுவதற்கு முன்

எழுபதுகளின் கடைசி. சிம்மக்கல்லில் ஒரே வளவுக்குள் ஆறு குடித்தனம். நான் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். மரபுத்தொடர்களை நோட்டு நோட்டாக எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். தலைக்கனத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா பரவைப் பக்கம் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. பழைய ஆங்கிலப் பேப்பரில் கவர் ஒட்டிக் கடைகளுக்குப் போடுவார். ஒவ்வொரு தாளையும் வாசித்துவிட்டுத்தான் மடிப்பார். அட்டை கிழிந்த அகராதி ஒன்று பசைச் சட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். ஒருநாள் என்னிடம், "இங்கிலீஷ்ல வாளிய ஒதச்சான்னா செத்துப்போனான்னு அர்த்தமாமே தங்கச்சி, அது எப்படி?" என்று கேட்டார். அந்த அர்த்தம் எப்படி வந்தது என்று எனக்கும் தெரியாது. ஆனாலும் அவர் கேட்டதைக் கல்லூரியில் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு மத்தியானம், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் அக்காவின் மூன்று வயது மகள், நாற்காலிக்குப் பூச வாங்கிய பாலீஷைக் குடித்துவிட்டாள். வாயெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. அம்மா பதறிப்போய் உப்புத்தண்ணீர் கரைத்தார். "வாந்தி எடுக்க வைங்கம்மா!" என்று கத்தியது நான்தான்.

பசைக் கையோடு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா, கீழே கிடந்த டின்னை எடுத்துத் திருப்பினார். எறும்பு சைஸில் ஆங்கில எழுத்து. உதடு அசைய வாசித்தவர், அம்மாவின் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டார்.

"குடுக்காதீக அத்தை! வாந்தி எடுக்க வைக்கக் கூடாதுன்னு போட்டுருக்கு! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

டின்னையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பறந்தோம். உப்புத்தண்ணீர் கொடுக்கப் போய் நிறுத்திவிட்டோம் என்று அம்மா சொன்னார். டாக்டர் டின்னைப் படித்துப் பார்த்துவிட்டு, "வாந்தி எடுத்திருந்தா நுரையீரலுக்குள்ள போயிருக்கும்மா. தடுத்தது யாரு, நீயா?" என்றார். இல்லை என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டாம் நாள் குழந்தை பால் குடித்தாள்.

வீடு திரும்பியதும் நேராகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அந்த அவசரத்தில் படிக்க எப்படித் தோன்றியது என்று கேட்டேன். கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "எதுனாலும் ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சிரணும் தங்கச்சி. பசை தடவிட்டா அப்பறம் படிக்க முடியாதுல்ல?" என்றார்.

முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆங்கிலம் தெரிந்தவர் யார் என்று எவராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அக்காதான்.