குருவின் முன்பற்கள்

“வாயைத் திறங்க, மாமா. இன்னும் கொஞ்சம். மூச்சை மூக்கால விடுங்க.”

மாமா திறந்தார். பல்செட்காரர் அளவெடுக்கும் மாவு நிரப்பிய தட்டை உள்ளே விட்டு மேலே அழுத்திப் பிடித்தார். முன்பற்கள் நான்கும் விழுந்த பள்ளத்தில் கட்டைவிரல் பதிந்தது. எத்தனையோ வாய் பார்த்தவர்தான். ஆனால் இந்த வாய் வழியாகத்தான் வியாழக்கிழமைதோறும் குரு பேசுகிறார்.

குரு பனிமலையில் எங்கோ முந்நூறு வயதோடு இருக்கிறார், யார் கண்ணிலும் படமாட்டார் என்பது வியாழக்கிழமைக் கூட்டத்தின் நம்பிக்கை. அவருக்கு உடம்பு உண்டா என்பதில்தான் இரண்டு கட்சி. பல்செட்காரர் உண்டு கட்சி. ஒரு தடவையாவது அவரைத் தொட்டுவிட வேண்டும், வேறு ஆசை கிடையாது. “உடம்பு இருந்தா பல் கொட்டியிருக்குமே, நான் கட்டித் தரேன்” என்று போன வாரம் கேட்டேவிட்டார். மாமாவின் வாயிலிருந்து குரு உடனே பதில் சொன்னார்: அளவை இவன் வாயிலேயே எடு.

தேநீரோடு வந்த பல்செட்காரரின் மனைவிக்கு மாமா சொந்தச் சித்தப்பா.

“பல்லு குருவுக்கு, போட்டுக்கப்போறது எங்க சித்தப்பா. நல்லாருக்கு.”

“சும்மா இரு. இவருக்குப் பொருந்தினா அவருக்கும் பொருந்தும்.”

“அவருக்குன்னு ஒரு வாய் இருந்தா, எதுக்குங்க எங்க சித்தப்பா வாயை இரவல் வாங்குறாரு?”

தட்டு வாயில் இருந்ததால் மாமாவால் கோபப்பட முடியவில்லை.

வியாழக்கிழமை மாமா புதுப் பல்லோடு கண்ணை மூடி உட்கார்ந்தார். குரு இறங்கினால் “ஷஃதியம், நிஃதியம்” என்று காற்றும் சீழ்க்கையுமாக வரும். அது மலைமேல் பேசும் ஆதிமொழி என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இலக்கணமே எழுதத் தொடங்கியிருந்தார். அன்று “சத்தியம், நித்தியம்” என்று வானொலிச் செய்திபோல் தெளிவாக வந்தது.

முன்னால் இருந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். “குரு போயிட்டாரு. இது வெறும் இவருதான்.”

எல்லோரும் பல்செட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“உம்ம பல்லாலதான்யா போனாரு” என்றார் வாத்தியார். “கழட்டச் சொல்லும்.”

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார். “ஷந்ஃதேகம் வேண்டாம்” என்றது வாய். அறை மொத்தமும் விழுந்து கும்பிட்டது.

பல்செட்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். குரு எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தொட்டும் ஆகிவிட்டது. உண்டு கட்சிதான் ஜெயித்தது, ஆனால் யாரிடம் சொல்வது? தனியாக நிற்பது சங்கடமாக இருந்ததால் அவரும் விழுந்து கும்பிட்டார்.

மறுநாள் காலையில் மாமா கடைக்கு வந்தார். இடப்பக்கம் ஈறில் உரசுகிறது என்றார். பல்செட்காரர் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார். வியாழக்கிழமை தவிர மற்ற நாட்களில் போட்டுக்கொள்வதாக மாமா சொன்னார். மனைவி ஒரு தட்டில் வறுத்த கடலை வைத்தாள். மாமா எல்லாவற்றையும் கடித்துத் தின்றுவிட்டுப் போனார்.