ஏழால் பெருக்கினால்...

போன திங்கட்கிழமை காலை, பக்கத்து வீட்டுச் செல்லக்கனி கையில் சிலேட்டோடு வந்து நின்றாள். எனக்குப் பகீரென்றது.

நான் ரிட்டயரான கணக்கு வாத்தியார் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். சிலேட்டைப் பார்த்தா பயப்படுவேன்? பயந்தேன். காரணம் ஒரு எண்... 142857.

அது அவள் புருஷன் துரைராஜின் மிலிட்டரி நம்பர். உப்பளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், சண்டைக்கும் லாரி ஓட்டத்தான் போனான். ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த வருஷம், பங்குனியில் தந்தி வந்தது – 'காணவில்லை'. அவ்வளவுதான். செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை.

அன்று அவள் அழுத அழுகை என்னால் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? தந்தியிலிருந்த நம்பரைக் காட்டி, "ஏளா, இதை ரெண்டால பெருக்கிப் பாரு" என்றேன். 285714. மூன்றால்? 428571. அதே ஆறு இலக்கங்கள். ஒன்றுகூடத் தொலையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

"பாத்தியா? ஒம் புருஷனும் இப்படித்தான். எங்கனயோ இடம் மாறி இருக்கான்."

ஏதோ ஆறுதலுக்குச் சொன்னது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பங்குனியிலும் தந்தி வந்த நாளில் வந்துவிடுவாள். இரண்டு வருஷம் முடிந்தபோது இரண்டால், மூன்று முடிந்தபோது மூன்றால்... போன வருஷம் ஆறால். 857142. சண்டை முடிந்து, பிழைத்தவர்கள் கப்பலிலும் ரயிலிலுமாகத் தூத்துக்குடி வந்து சேர்ந்து, பழைய வேலைக்கும் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஆறு இலக்கத்தையும் விரல் வைத்து எண்ணி, "எல்லாம் இருக்கு அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

இந்தப் பங்குனியோடு ஏழு வருஷம் முடிகிறது.

"கொழுந்தனாரு வக்கீலப் பாத்துட்டு வந்துட்டாரு அண்ணாச்சி. ஏழு வருஷம் தகவல் இல்லேன்னா செத்ததாத்தான் கணக்காம். வாற அமாவாசைக்குக் கருமாதி வச்சு, தாலியக் கழத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. நீங்க பெருக்கிக் காட்டுங்க. அவுக இருக்காவன்னு நான் போய்ச் சொல்லுதேன்."

"இந்த வருஷம் வேண்டாம் தாயி" என்றேன். "எனக்குக் கண்ணு சரியில்ல."

"அப்ப நானே போடுதேன்."

போட்டாள். ஏழேழு நாற்பத்தொன்பது – ஒன்பது போட்டு, மீதி நாலு. ஏழைந்து முப்பத்தைந்து, நாலும் சேர்ந்து முப்பத்தொன்பது – ஒன்பது. அடுத்ததும் ஒன்பது. அதற்கடுத்ததும்... 999999. துரைராஜின் நம்பரில் ஒன்பதே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? அவள் கவனித்தாள்.

"இதுல அவுக நம்பரு ஒண்ணுகூட இல்லையே அண்ணாச்சி... ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

தெரியும். முதல் நாளே தெரியும். ஏழு வருஷத்துக்குள் அவன் வந்துவிடுவான் என்று நானும் முட்டாள்தனமாக நம்பியிருந்தேன். வெட்கக்கேடு! தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் கத்தவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தாலியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"எட்டால பெருக்குனா என்ன வரும்?"

1142856 வரும். முன்னால் நிற்கிற ஒன்றைத் தனியே எடுத்து, மீதியோடு கூட்டினால் 142857. துரைராஜின் நம்பர் அப்படியே திரும்பி வந்துவிடும்!

"தெரியாதும்மா" என்றேன்.